டெக்சாஸில் அப்பாவின் தபால் ஓட்டு

டெக்சாஸில் 65 வயது ஆனவர்கள் வேறு காரணம் சொல்லாமலே தபாலில் ஓட்டுப் போடலாம். முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க முடியாத என் அப்பா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதிலிருந்து அப்படித்தான் போட்டு வந்தார். 2021 செப்டம்பரில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட எஸ்.பி. 1 சட்டம் அந்த வசதியை எடுத்துவிடவில்லை. ஆனால் விண்ணப்பத்திலும், ஓட்டைத் திருப்பி அனுப்பும் உறையிலும் ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டையின் எண்ணைக் கேட்டது; அது இல்லாதவர்கள், அமெரிக்க அரசு தரும் தனிநபர் எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி 4 இலக்கங்களை எழுதலாம். எழுதினால் மட்டும் போதாது. வாக்காளர் பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு அது பொருந்த வேண்டும்.

இந்தச் சட்டம் முதலில் அமலுக்கு வந்த மாநிலத் தேர்தல் 2022 மார்ச் 1 அன்று நடந்த பிரைமரி. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல் அது. டெக்சாஸில் வாக்காளராகப் பதியும்போது கட்சியைச் சொல்லத் தேவையில்லை. அதனால் தபால் ஓட்டு விண்ணப்பத்திலேயே எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று டிக் செய்ய வேண்டும். கேட்காதவர்களுக்கு அதிகாரிகள் விண்ணப்பம் அனுப்பவும் இந்தச் சட்டம் தடை போட்டிருக்கிறது. நாங்களே இணையத்திலிருந்து எடுத்து, அப்பாவின் அடையாள அட்டை எண்ணை எழுதி அனுப்பினோம்.

அது நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. காரணம், எழுதிய எண் பதிவேட்டில் இல்லை. அப்பா வாக்காளராகப் பதிந்தபோது அவரிடம் மாநில அடையாள அட்டை கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத்தான் கொடுத்திருந்தார். அட்டை பிறகு வந்தது. இரண்டுமே அவருடைய எண்கள்தான். எத்தனையோ வருடம் முன்பு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று எந்த முதியவருக்கு நினைவிருக்கும்? அரசின் கோப்பில் இருப்பது என்ன என்று தெரியாமலே அதற்குப் பொருந்தும் விடையை எழுதச் சொல்வது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்பா கோபப்படவில்லை. "என்னை யாருன்னு சந்தேகப்படுறாங்களாடா?" என்று மட்டும் கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேர்தல் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண்மணி பொறுமையாகப் பேசினார். புது விண்ணப்பத்தில் இரண்டு எண்களையும் எழுதுங்கள், ஏதாவது ஒன்று பொருந்தும் என்றார். எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஆலோசனை அதுதான். பிப்ரவரி 18க்குள் விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் கணக்கில் வராது. உடனே அனுப்பினோம். இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் வாக்குச்சீட்டு வந்தது. இன்னொரு சிக்கல் அதன் உறையில் இருந்தது. எண் எழுதும் கட்டங்கள் உறையின் மடிப்புக்கு அடியில் இருக்கின்றன. ஒட்டிவிட்டால் எண் வெளியே தெரியாது, அந்தரங்கம் காக்கப்படும் என்பது நோக்கம். ஆனால் மடிப்பைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்கு அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. அங்கேயும் இரண்டு எண்களையும் எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டார். சீட்டில் அவரே குறித்துக்கொண்டார். குறிப்பதற்கு யாராவது உதவினால், உதவியவரும் உறையில் பெயர், முகவரி, உறவுமுறை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் தேர்தல் நாளன்று மட்டும்தான், அதுவும் வாக்காளரே அடையாள அட்டையோடு போக வேண்டும்; மகன் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ஆகவே சீக்கிரமே தபாலில் போட்டோம். மாநில அரசின் இணையதளத்தில் ஓட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். ஏற்கப்பட்டது என்று அதில் வந்தபோதுதான் எனக்கு நிம்மதி.

அந்த பிரைமரியில் மாநிலம் முழுவதும் கிட்டத்தட்ட 25,000 தபால் ஓட்டுகள் நிராகரிக்கப்பட்டன. திரும்பி வந்ததில் சுமார் 12 சதவீதம். 2020 பொதுத்தேர்தலில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2022 நவம்பரில் சுமார் 3 சதவீதமாக இறங்கியது. மக்கள் பழகிக்கொண்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, ஆனால் மார்ச்சில் எண்ணப்படாமல் போன ஓட்டுகளைப் போட்ட பலரும் என் அப்பாவைப் போல 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு அந்தத் தேர்தல் திரும்ப வராது. எண் பொருந்த வேண்டும் என்ற இந்த விதி கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது என்று 2023இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆக, அதே நடைமுறைதான் தொடர்கிறது. விண்ணப்பம் அந்தந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஜனவரி 1 முதல் அனுப்பலாம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கேட்கும் கட்டத்தை டிக் செய்தால், பிரைமரியில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காதபோது வரும் ரன்ஆஃபுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஜனவரியிலேயே உட்கார்ந்து எழுதிவிடுங்கள், இரண்டு எண்களையும்.