வீட்டுக் கேமராக்களை ஹோம் அசிஸ்டன்ட்டுடன் இணைத்தல்

நம் ஊரில் வீட்டுக்குக் கேமரா பொருத்துவது என்றால், நான்கு மூலைக்கு நான்கு கேமரா, டிவிக்குப் பக்கத்தில் ஒரு டிவிஆர் பெட்டி, கைப்பேசியில் ஒரு செயலி என்ற அளவில் வேலை முடிந்துவிடுகிறது. பொருத்திய புதிதில் வீட்டிலுள்ள எல்லோரும் செயலியைத் திறந்து பார்ப்பார்கள். அதன் பிறகு ஏதாவது காணாமல் போனால்தான் பதிவைத் தேடுவார்கள். கேமராவின் பயன் அவ்வளவுதான் என்று நான் நினைக்கவில்லை. கதவில் ஒட்டும் காந்த உணரி, அறையில் நடமாட்டத்தைக் கண்டறியும் உணரி ஆகியவற்றின் வரிசையில் கேமராவும் வீட்டுத் தானியக்கத்துக்குத் தகவல் தரும் ஓர் உணரியாக இருக்க முடியும். அசைந்தது மனிதரா, நாயா, வண்டியா, அது எந்த இடத்தில் நின்றது என்பது வரை அதனால் சொல்ல முடியும். இவ்வளவையும் காட்சி வீட்டை விட்டு வெளியே போகாமலே செய்துகொள்ளலாம் என்பதால்தான் இதை விரிவாக எழுத விரும்புகிறேன். எங்கள் வீட்டில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளை நடுவில் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

காட்சி வெளியே போகக்கூடாது என்பதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டே டின் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்களை, அதாவது தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் கணினிகளை, தாக்கியதில், அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோர் அதை அறிந்தே இருக்க மாட்டார்கள். 2023-இல் ரிங் நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு வேறொரு பக்கத்தைக் காட்டியது. வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளை ஊழியர்கள் தடையின்றிப் பார்க்க முடிந்தது என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு நிறுவனம் அதை முடித்துக்கொண்டது. இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. அது நல்லதுதான் என்றாலும், கூடத்தையும் வாசலையும் காட்டும் படம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை வீட்டுக்காரரே தீர்மானிப்பதற்கு அது ஈடாகாது.

வாங்கும்போதே இதற்கான முடிவை எடுத்துவிட வேண்டும். ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1996-இல் முதல் நெட்வொர்க் கேமராவை வெளியிட்டபோது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தனி வழி இருந்தது. ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து 2008-இல் ஆன்விஃப் என்ற பொதுத் தரத்தைத் தொடங்கிய பிறகே ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொருவரின் மென்பொருளோடு சேர்ப்பது எளிதானது. ஆகவே பெட்டியின் மேல் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி. ஆர்டிஎஸ்பி என்பது கேமராவின் நேரலைக் காட்சியை, அதாவது ஓடையை, வேறு மென்பொருள் கேட்டு வாங்கும் முறை. பேட்டரியில் ஓடும் கேமராக்களிலும் அழைப்புமணிக் கேமராக்களிலும் பல, ஆர்டிஎஸ்பி ஓடையைத் தருவதே இல்லை. தம் சொந்தச் செயலிக்கு மட்டுமே பேசும். டப்போ போன்ற விலை குறைந்த வைஃபை கேமராக்களில் செயலிக்குள் போய்க் ‘கேமரா கணக்கு’ என்று தனியாக ஒன்றை உருவாக்கினால்தான் அந்த வழி திறக்கும்.

ஏறக்குறைய எல்லா நெட்வொர்க் கேமராக்களும் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளைத் தருகின்றன. ஹிக்விஷன் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரி 101 என்று முடிந்தால் முழுத் தெளிவுள்ள முதன்மை ஓடை. 102 என்று முடிந்தால் சிறிய துணை ஓடை. பதிவு செய்வதற்கு முதன்மை ஓடையையும், ஆளைக் கண்டறிவதற்குத் துணை ஓடையையும் கொடுப்பதுதான் முறை. கண்டறிதலுக்கு நொடிக்கு 5 படங்கள் போதும். முழுத் தெளிவுள்ள படத்தைக் கொடுத்தால் துல்லியம் கூடும் என்று தோன்றும். ஆனால் ஆளைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மாதிரி (மாடல்) படத்தை எப்படியும் சிறிதாக்கித்தான் பார்க்கிறது, எனவே கணினிக்கு வேலை கூடுகிறதே தவிரப் பலன் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கேமராவின் அமைப்புப் பக்கத்தில் இன்னும் இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுங்கள். ‘ஸ்மார்ட் கோடெக்’, ‘264 பிளஸ்’ போன்ற பெயர்களில் இருக்கும் சிக்கன முறைகளை அணைத்துவிட வேண்டும். முழுப்படம் வரும் இடைவெளியை, அதாவது ஐ-ஃபிரேம் இடைவெளியை, நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேரலையைத் திறக்கும்போது படம் வரத் தாமதமாகும், பதிவும் இடையிடையே வெட்டுப்படும்.

வயரிங்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெளிப்புறக் கேமராவுக்கு வைஃபையை நம்ப வேண்டாம். பிஓஇ ஸ்விட்ச் ஒன்றிலிருந்து கேபிள் இழுத்தால் மின்சாரமும் தரவும் அந்த ஒரே கேபிளில் போகும், 802.3ஏஎஃப் தரத்தின்படி ஸ்விட்ச்சின் ஒரு துறைக்கு (போர்ட்டுக்கு) 15.4 வாட் வரை கிடைக்கும், தூரம் 100 மீட்டர் வரை போகலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிளில் பெரும்பகுதி அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. மின்சாரமும் அதில் போக வேண்டியிருப்பதால் முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்குங்கள். ரௌட்டர், பிஓஇ ஸ்விட்ச், ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சிறு கணினி ஆகிய மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் இணைத்தால், தெருவில் மின்சாரம் நின்றாலும் கேமராக்கள் எல்லாம் விழித்திருக்கும்.

இப்போது நடுவில் இருக்கும் மென்பொருளுக்கு வருகிறேன். ஹோம் அசிஸ்டன்ட் என்பது பவுலஸ் ஸ்கௌட்சன் 2013-இல் தொடங்கிய திறமூலத் திட்டம். 2024 முதல் ஓபன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. கேமராவை நேரடியாக அதில் சேர்த்துத் திரையில் படத்தைக் காட்டிவிடலாம். ஆனால் படத்தைப் புரிந்துகொள்ளும் வேலையை ஃப்ரிகேட் என்ற தனி மென்பொருளிடம் விடுவதே சிறந்தது. இதுவும் திறமூல மென்பொருள்தான். அது படத்தில் அசைவு இருக்கும் பகுதியை முதலில் எளிய கணக்கில் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டுமே செயற்கை நுண்ணறிவு மாதிரியிடம் கொடுக்கிறது. இதனால் இன்டெல் என்100 செயலி கொண்ட ஒரு சிறு கணினியே, அதன் உள்ளிணைந்த கிராஃபிக்ஸைப் பயன்படுத்தி நான்கைந்து கேமராக்களைத் தாங்குகிறது. செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கென்றே அமைந்த கூகுளின் கோரல் யுஎஸ்பி கருவியைச் செருகியும் இதைச் செய்யலாம். சுருக்கி வரும் ஓடையைப் படங்களாகப் பிரித்தெடுக்கும் வேலையையும் கிராஃபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்க மறக்காதீர்கள். கண்டறிவதைவிட அதுதான் செயலியை அதிகம் அழுத்துகிறது.

ஃப்ரிகேட் தான் கண்டதை எம்க்யூடிடி வழியாக ஹோம் அசிஸ்டன்ட்டுக்குச் சொல்கிறது. எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கென்று 1999-இல் உருவான இந்தச் சிக்கனமான செய்தி முறை, இன்று வீட்டு விளக்குகளுக்கும் கேமராக்களுக்கும் இடையே தூது போவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இணைத்து முடித்த உடனே அறிவிப்புகள் வந்து குவியும். வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. பலர் இந்த இடத்தில் சலித்துப்போய் அறிவிப்பையே அணைத்துவிடுகிறார்கள். ஃப்ரிகேட்டில் ஒவ்வொரு கேமராப் படத்தின் மீதும் மண்டலங்களை வரையலாம். எங்கள் வாசல் கேமராவில் தெரு ஒரு மண்டலம், கேட்டுக்கு உட்புறம் ஒரு மண்டலம், போர்ட்டிகோ ஒரு மண்டலம். ஒருவர் எந்த மண்டலத்தில் இருக்கிறார் என்பதை, அவரைச் சுற்றி வரையப்படும் கட்டத்தின் அடிப்பக்க நடுப்புள்ளியை வைத்தே ஃப்ரிகேட் தீர்மானிக்கிறது. அதாவது அவருடைய கால் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. இது தெரிந்தால் மண்டலத்தை எப்படி வரைய வேண்டும் என்பது விளங்கிவிடும். காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் நடந்து போகிறவரின் தலையும் தோளும் படத்தில் சுவருக்கு மேலே தெரியும். கட்டத்தின் அடிப்புள்ளி சுவரின் மேல் விளிம்பில் வந்து நிற்கும். ஆகவே கேட்டுக்கு உட்புறத்துக்கான மண்டலம் சுவரைத் தொடாமல் தரையில் மட்டும் அமைய வேண்டும். அப்படி வரைந்த நாளிலிருந்து தெருவில் போகிறவர்களுக்காக எங்கள் கைப்பேசி ஒலிப்பதில்லை.

கொடியில் காயும் சட்டை காற்றில் ஆடும்போது ஃப்ரிகேட் அதை ஆள் என்று நினைத்துக்கொள்வதுண்டு. அந்தப் பகுதியில் ஆள் தெரிந்தாலும் பொருட்படுத்தாதபடி ஒரு மறைப்பு போடுவது ஒரு வழி. எவ்வளவு உறுதியிருந்தால் ஆள் என்று ஏற்க வேண்டும் என்ற வரம்பை 0.7-இலிருந்து சற்று உயர்த்துவது மற்றொரு வழி. வழக்கமாகக் கிடைக்கும் மாதிரிகள் கோகோ என்ற படத்தொகுப்பில் பயின்றவை. அதன் 80 வகைகளில் பசு உண்டு, நாய் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, ஆட்டோ இல்லை. வாசலில் வந்து நிற்கும் ஆட்டோவை அது கார் என்றோ லாரி என்றோ சொன்னால் அதை வைத்துத் தானியக்கம் எழுதாதீர்கள்.

இரவு நேரத்தின் தொல்லை வேறு வகை. கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளின் ஒளி, லென்ஸுக்கு முன்னால் சிலந்தி இழுத்த ஒரே ஓர் இழையில் பட்டால் போதும். அந்த இழை படத்தின் குறுக்கே வெள்ளைக் கயிறாகத் தெரியும், காற்றில் அசையும் ஒவ்வொரு முறையும் படம் முழுவதும் அசைவாகிவிடும். மழைத்துளிகளும் பூச்சிகளும் இப்படியே ஒளிரும். கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளித் தனி அகச்சிவப்பு விளக்கு ஒன்றைச் சுவரில் பொருத்தியதும் எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை பெரிதும் அடங்கியது. மாதம் ஒரு முறை நீளக் கம்பின் நுனியில் துணியைச் சுற்றித் துடைப்பதும் தேவைதான்.

தானியக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அறிவிப்பே அனுப்பாத ஒன்று. அம்மா விடிவதற்கு முன் கேட்டைத் திறந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார். அதிகாலை 4.30 மணிக்கும் சூரிய உதயத்துக்கும் இடையில், கேட்டுக்கு உட்புற மண்டலத்தில் ஆள் தென்பட்டால் வாசல் விளக்கு எரிய வேண்டும். ஆள் மறைந்து மூன்று நிமிடம் ஆன பிறகே அணைய வேண்டும். அந்த மூன்று நிமிடம் முக்கியமானது. குனிந்து கோலம் போடும் உருவத்தை ஃப்ரிகேட் சில நேரம் ஆள் என்று அடையாளம் காணத் தவறிவிடுகிறது. ஆள் இல்லை என்று உணரி சொன்ன உடனே விளக்கை அணைத்தால், பாதிக் கோலத்தில் அவர் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். விளக்கு எரிந்ததும் கேமரா இரவுப் பார்வையிலிருந்து வண்ணத்துக்கு மாறும். உள்ளே வடிகட்டி நகரும் ‘டிக்’ ஓசைகூடக் கேட்கும். அந்த நொடியில் படம் மொத்தமும் மாறுவதை அசைவு என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க ஃப்ரிகேட்டில் ஒரு வரம்பு இருக்கிறது, மின்னலுக்கும் அதுவே பயன்படுகிறது.

இரவு 11 மணியிலிருந்து 4.30 மணி வரை அதே மண்டலத்தில் ஆள் வந்தால் விளக்கும் எரியும், படத்துடன் அறிவிப்பும் வரும். ஒரே நிகழ்வுக்கு ஃப்ரிகேட் தொடக்கம், புதுப்பிப்பு, முடிவு என்று பல செய்திகளை அனுப்புவதால், அறிவிப்புக்கு நிகழ்வின் அடையாள எண்ணையே குறிச்சொல்லாகக் கொடுத்துவிட வேண்டும். அப்போது புதிய படம் பழைய அறிவிப்பின் இடத்திலேயே வந்து அமரும், கைப்பேசியில் வரிசையாகக் குவியாது. வீட்டில் எல்லோரும் வெளியூர் போயிருந்தால் நேரக் கட்டுப்பாடு தானாகவே நீங்கும்படியும் அமைத்திருக்கிறேன்.

கேமராக்களைத் தனி விலானில், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பிரித்துவைத்த ஒரு பகுதியில், வைத்து, அவற்றிலிருந்து இணையத்துக்குப் போகும் வழியை ரௌட்டரில் முழுவதுமாக அடைத்திருக்கிறேன். அப்படி அடைக்கும்போது கேமராவின் கடிகாரம் சரியான நேரத்தைப் பெற வழியில்லாமல் மெல்லத் தவறத் தொடங்கும். பதிவில் பொறிக்கப்படும் நேரம் தவறானால் தேவைப்படும் நாளில் அந்தப் பதிவு சிக்கலைத்தான் தரும். ஹோம் அசிஸ்டன்ட்டிலேயே ஒரு என்டிபி நேரச் சேவையை நிறுவி, எல்லாக் கேமராக்களுக்கும் அதன் முகவரியைக் கொடுத்துவிடுவது இதற்குத் தீர்வு. வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரௌட்டரில் எந்தத் துறையையும் (இணையத்திலிருந்து உள்ளே வரும் போர்ட்டையும்) திறக்காதீர்கள். நம் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது இணைய முகவரி கிடைக்காததால் அது வேலை செய்வதும் சந்தேகம். வயர்கார்டு என்ற மறையாக்க முறையில் அமைந்து, நம் கருவிகளை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்று அந்தத் தடையையும் தாண்டி வேலை செய்கிறது.

பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது நேர்க்கணக்கு. நொடிக்கு 4 மெகாபிட் ஓடும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிபி. நான்கு கேமராக்கள் என்றால் 2 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். முழுப் பதிவை மூன்று நாளும், ஆள் தென்பட்ட துண்டுகளை ஒரு மாதமும் வைத்துக்கொள்ளும்படி பிரித்தால் இடம் தாராளமாகவே மிஞ்சும்.

வாசல் கேமராவில் எதிர்வீட்டின் முன்பக்கமும் விழுகிறது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. இருந்தாலும் அவர்கள் வீட்டுச் சன்னல் எங்கள் டிஸ்க்கில் பதிவாவதை நான் விரும்பவில்லை. மறைப்பை ஃப்ரிகேட்டில் போட்டால் கண்டறிதல் மட்டும்தான் நிற்கும், பதிவில் சன்னல் அப்படியே இருக்கும். கேமராவின் சொந்த அமைப்பில் உள்ள தனியுரிமை மறைப்பைப் போட்டால்தான் அந்தப் பகுதி கேமராவை விட்டுக் கிளம்பும்போதே கறுப்பாகிவிடும். அப்படிப் போட்ட பிறகு எதிர்வீட்டுக்காரரை அழைத்துத் திரையைக் காட்டினேன். சன்னலோடு அவர்கள் மாடிப்படியையும் மறைக்க முடியுமா என்று கேட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டத்தைப் படி வரைக்கும் இழுத்து மறைத்துவிட்டேன்.