கோப்பைக்கு முன்னால் வரும் செலவு

எங்கள் பள்ளியின் பரிசுக் குழுவில் இருக்கிறேன். கூட்டம் கூடினாலே கோப்பை, கேடயம், மேடை என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு அதற்கு முந்தைய செலவுதான் கண்ணில் படுகிறது: நுழைவுக் கட்டணம், போட்டி நடக்கும் இடத்துக்குப் பயணம், சீருடை, காலணி. இதற்கு வழியில்லாத பிள்ளை போட்டிக்கே வருவதில்லை. வராத பிள்ளைக்கு எந்தப் பரிசைக் கொடுப்பது?

லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு தாமாக வரைவது குறைந்துவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. அதனால்தான் பரிசைவிட, நாடகக் குழுவுக்கும் சதுரங்கக் குழுவுக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

அப்புறம், உதவித்தொகை விண்ணப்பம். வகுப்பில் எல்லார் முன்னாலும் "யாருக்கு வேண்டும், கை தூக்குங்கள்" என்று கேட்கவே கூடாது. அந்த வயதில் பிள்ளைகள் பசியைக்கூட மறைப்பார்கள். படிவம் நேராகப் பெற்றோர் கைக்குப் போகட்டும். யாருக்குக் கிடைத்தது என்பது அலுவலகத்தோடு நிற்கட்டும். அடுத்த கூட்டத்தில் முதலில் இதைத்தான் பேசப்போகிறேன்.