நோன்பைப் பெயரில் வைத்திருக்கும் வெள்ளி

அயர்லாந்துக்கு வந்த புதிதில் வெள்ளிக்கிழமை மாலை என்றாலே எனக்கு மனம் சுருங்கிவிடும். பணி முடிந்ததும் உடன் வேலை செய்யும் செவிலியர்கள் மதுவிடுதிக்குக் கிளம்புவார்கள். மதுரையில் அதே நேரம் வீடெல்லாம் சாம்பிராணிப் புகை சூழ்ந்திருக்கும். வெள்ளிக்கு மரியாதை தெரியாத ஊர் என்று உள்ளுக்குள் கோபம்.

அந்தக் கோபத்தைத் தீர்த்துவைத்தவர், கார்க் நகரில் என் வார்டிலிருந்த ஒரு மூதாட்டி. வெள்ளியன்று கோழியை ஒதுக்கி மீன் கேட்டார். காரணம் கேட்டேன். "எங்கள் மொழியில் இந்த நாளின் பெயரே நோன்புதானம்மா" என்றார்.

ஐரிஷில் வெள்ளிக்கு 'ஈன்ய' என்று பெயர். லத்தீனில் நோன்பைக் குறிக்கும் 'இயேயூனியும்' கிறிஸ்தவத்தோடு இந்தத் தீவுக்கு வந்து இப்படித் தேய்ந்திருக்கிறது. தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பிருந்தார்கள். அதனால் புதன் 'கேடீன்', முதல் நோன்பு. வியாழன் 'டேர்டீன்', இரு நோன்புகளுக்கு இடைப்பட்ட நாள். வாரத்தில் மூன்று நாள்கள் பசியால் பெயர் பெற்றிருக்கின்றன! செவிலியர் கல்லூரியில் மனப்பாடம் செய்த 'ஜெஜூனம்' கூட இதே வேர்தான். உடலை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள், சிறுகுடலின் அந்தப் பகுதி வெறுமையாகவே இருக்கக் கண்டு வைத்த பெயர். இத்தனை நாள் அறிந்திருந்த சொல்லுக்குள் ஒரு விரதம் ஒளிந்திருந்ததை நினைத்து அன்றிரவெல்லாம் பூரித்துப்போனேன்.

புனித வெள்ளியன்று மதுவிடுதிகளை மூடவைத்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தைக்கூட 2018இல்தான் நீக்கினார்கள். மரியாதை தெரியாத ஊரா இது?

இப்போது இங்கத்திய வெள்ளி எனக்குப் பழகிவிட்டது. வியாழன்தான் படுத்துகிறது. வெள்ளியன்று விளக்குத் தேய்த்தால் லட்சுமி போய்விடுவாள் என்று அம்மா வியாழன் மாலையே புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிடுவார். குத்துவிளக்கின் தண்டிலுள்ள வளையங்களுக்குள் தேங்காய் நாரை விட்டு அழுக்கெடுப்பது என் வேலை. விரல் நுனிகள் கறுத்துப் புளி வாடையடிக்கும். டேர்டீன் என்று பஸ் அட்டவணையில் பார்த்தாலே அந்த வாடை வந்துவிடுகிறது.

தொலைபேசியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெள்ளி சரி, செவ்வாய்க்கு என்ன பேர்?" என்றார். எங்கள் வீட்டில் கவுச்சி ஆகாத இன்னொரு நாள் அதுதானே.

"'மார்ட்', அம்மா. ரோமானியர்களின் மார்ஸ், நம் செவ்வாய்க் கிரகம்."

"அங்கேயும் செவ்வாய் செவ்வாய்தான் என்று சொல்" என்றார் அம்மா, பரம திருப்தியோடு.