எந்தக் கட்டத்தில் எழுதுவது?

“எலி செத்துப்போச்சே சார், இதை அட்டவணையில எந்தக் கட்டத்துல எழுதறது?” என்று எங்கள் ஆய்வு மாணவி கேட்டார். பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தின் அன்றாடப் பேச்சு கன்னடமும் ஆங்கிலமும்தான். வாக்குவாதம் என்று வந்தால் மட்டும் நாங்கள் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவோம். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ‘புரோட்டோகால்படி’ என்று ஒரே வரியில் முடித்திருப்பேனோ என்னவோ.

மயக்க நிலையில் எலியின் இதயத் தமனியைக் கட்டி, அடுத்த 30 நிமிடங்களில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்குவது), சுருக்கமாக வி.எஃப்., வருகிறதா என்று பார்ப்பதே சோதனை. ஒரு பிரிவுக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் ‘பீட்டா பிளாக்கர்’ வகை மருந்தான புரொப்ரனலால், இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர். அந்த எலிக்கு வி.எஃப். வரவில்லை. ஈசிஜியில் மேலறைத் தூண்டலுக்கும் கீழறைத் தூண்டலுக்கும் நடுவிலான பி.ஆர். இடைவெளி நீண்டுகொண்டே போய், மேலறையின் பி அலைகளும் கீழறையின் க்யூ.ஆர்.எஸ். அலைகளும் தொடர்பற்றுத் தனித்தனியே ஓடி, துடிப்பு தேய்ந்து, இதயம் நின்றது. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலை பீட்டா பிளாக்கர் தாமதப்படுத்தும் என்பதால் மருந்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது; தமனியைக் கட்டியதே காரணமாகவும் இருக்கலாம். அட்டவணையில் எழுத வேண்டியதோ ‘வி.எஃப்.: இல்லை’. செத்த எலி மருந்தின் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது.

“முதல்லயே எழுதி வச்ச அளவீட்டை நடுவுல மாத்தக் கூடாதும்மா” என்றேன். இதை இன்றும் சரியென்றே நினைக்கிறேன். எதை எண்ணுவது, எதை விலக்குவது என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளத்தான் 1988இல் இதயத் துடிப்புக் கோளாறு ஆய்வுகளுக்கான லாம்பெத் நெறிகள் வகுக்கப்பட்டன. பார்த்த பிறகு அளவுகோலை மாற்றலாம் என்றால் எந்த மருந்தையும் நல்லதாகவும் காட்டலாம், கெட்டதாகவும் காட்டலாம். இன்னொன்றையும் சொன்னேன். எந்த எலிக்கு மருந்து என்று தெரியாதபடி பதிவுகளில் குறியீட்டு எண் மட்டுமே இருந்தாலும், நிமிடத்துக்கு 350, 400 என்று ஓட வேண்டிய இதயம் மந்தமாக ஓடினால் அது மருந்து பெற்ற எலி என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். உப்புநீர் எலி இப்படிச் செத்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்று கேட்டேன். “தெரிஞ்சுதான் கேட்டேன் சார். தெரிஞ்சா கேட்கக் கூடாதா?” என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு நான் சொல்லும் ‘காஸ்ட்’ ஆய்வுதான் அப்போது நினைவுக்கு வந்தது. மாரடைப்புக்குப் பின் தோன்றும் கூடுதல் துடிப்புகளை ஃபிளெகைனைடு, என்கைனைடு என்ற மருந்துகள் அழகாக அடக்கின. ஆனால் அவற்றை உட்கொண்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்பது 1989இல் தெரியவந்தது. மாறாக, ஜேம்ஸ் பிளாக் நெஞ்சுவலிக்காக உருவாக்கிய புரொப்ரனலால், மாரடைப்புக்குப் பிந்தைய சிகிச்சையில் இடம்பெற்றது 1980களின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆய்வு இறப்புகளையே எண்ணிப் பார்த்த பிறகுதான். இந்தக் கதையை அந்த மாணவியும் என்னிடமே கேட்டவர்.

ஆனால் அவை ஆயிரக்கணக்கான மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள். நெஞ்சைத் திறந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் ஒரு சில எலிகளில் இறப்புக்குக் காரணம் பலவாக இருக்கும். எலியின் இதயத்தில் வி.எஃப். பல சமயம் தானாகவே அடங்கிவிடும், எனவே வி.எஃப். வேறு, சாவு வேறு. சாவை எண்ணாமல் வி.எஃப்.ஐ எண்ணுவதற்கு நாங்கள் சொல்லும் நியாயமே இதுதான். ஆனால் இதே நியாயத்தை அப்படியே திருப்பி, வி.எஃப். வராததால் மருந்து அந்த விலங்கைக் காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று யாரேனும் கேட்டால், எனக்குத் தடுமாற்றம்தான்.

இறுதியில் அட்டவணையில் ‘இல்லை’ என்றும், முடிவுகள் பகுதியில் இரண்டு வாக்கியங்களில் மின்தூண்டல் கீழறைக்குப் போகாமல் தடைபட்டதையும் சாவையும் எழுதினோம். எதையும் மறைக்கவில்லை. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது என்பதும் உண்மைதான். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்களே அதிகம் என்பதை நானும் அறிவேன்.

அடுத்த திட்டத்துக்கு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும் படிவம் பி-யை நிரப்பும்போது, இறப்பையும் முதன்மை அளவீடாகச் சேர்க்கலாமா என்று நானே கேட்டேன். அப்படியானால் எலிகளின் எண்ணிக்கையைக் கணிசமாக உயர்த்த வேண்டியிருக்கும், அத்தனை விலங்குகளைக் கேட்பது நியாயமில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அதே மாணவிதான். கணக்கில் பிழையில்லை. நானும் உடனே ஒப்புக்கொண்டேன். அவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டது எலிகளின் மேல் உள்ள அக்கறையாலா, அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்த நிம்மதியாலா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.