குடத்தை எடுக்கப் போன கை

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் ஆய்வுக்கான கேள்வி கிடைத்தது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் ஒரு அண்ணன் சாயக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார். சிவப்பு ஊற்ற வேண்டிய இடம் வந்தது. அவர் கை பச்சைக் கிண்ணத்தை நோக்கிக் கிளம்பி, பாதி வழியில் வளைந்து சிவப்புக் கரண்டியை எடுத்தது. "பச்சையை எடுக்கப் போனீங்களாண்ணே?" என்று கேட்டேன். "இல்லியேம்மா, செவப்பத்தானே எடுத்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கை போன வழி அவருக்கே தெரியவில்லை.

நான் உளவியல் முதுகலை இறுதியாண்டில் இருந்தேன். பட்டனை அழுத்த எத்தனை மில்லி விநாடி ஆனது என்று அளப்பதைத்தான் அதுவரை படித்திருந்தேன். பட்டன் முடிவை மட்டும் சொல்லும், முடிவுக்கு முன் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லாது. கை போகும் பாதை அதைச் சொல்லும். 2005-ல் உளவியலாளர் மைக்கேல் ஸ்பைவியும் அவருடன் சேர்ந்தவர்களும் திரையில் இரண்டு படங்களைக் காட்டி, ஒன்றின் பெயரைச் சொல்லி, மவுஸால் அதைத் தொடச் சொன்னார்கள். கேண்டில், கேண்டி என்று இரண்டு பெயரும் ஒரே மாதிரி தொடங்கினால், மவுஸ் போகும் கோடு தவறான படத்தின் பக்கம் வளைந்தது. பெயர்களின் தொடக்கம் ஒத்துப்போகாதபோது அவ்வளவு வளையவில்லை. காது பாதிச் சொல்லைக் கேட்கும்போதே கை கிளம்பிவிடுகிறது.

இதைத் தமிழில் செய்து பார்க்கலாம் என்று வழிகாட்டி ஒப்புக்கொண்டார். ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி, தமிழில் ஒப்புதல் படிவம் எல்லாம் நேரம் எடுத்ததே தவிர சிக்கல் இல்லை. சிக்கல் சொற்களில் வந்தது. குடம்–குடை, வண்டி–வண்டு, கத்தி–கத்தரிக்கோல் என்று ஜோடி சேர்த்து, காரைக்குடியில் மதினியை விட்டுப் பதிவு செய்தேன். அப்பத்தா கேட்டுவிட்டு, "ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு, கொடம்னு சொல்லச் சொல்லு" என்றார். அது வெறும் ரசனைப் பேச்சில்லை. எங்கள் வீட்டில் யாரும் 'குடம்' என்று சொல்வதில்லை, கொடம்தான். 'இலை' எங்கள் வாயில் 'எல'. எழுத்தில் இலைக்கும் எலிக்கும் ஒட்டே கிடையாது, காதில் இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. எழுத்தைப் பார்த்து ஜோடி சேர்த்திருந்த என் பட்டியலில் பாதியைக் கிழித்துப் போட்டேன். காதால் கேட்டுக் கேட்டு மறுபடி சேர்க்க மூன்று வாரம் ஆனது. இந்த வேலைக்கு இறங்கும் யாருக்கும் சொல்வேன்: சொல்லை உங்கள் ஊர் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

கல்லூரி மாணவர்களோடு மவுஸ் சோதனை. மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. வேகமாக நகர்த்தினால் பாயின்டர் கூடுதலாகத் தாவும் ஒரு வசதி கணினியில் இருக்கும், அதை முதலில் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கையின் பாதை வேறு, திரையின் பாதை வேறு. படங்களை இடம் வலமாக மாற்றி மாற்றி வைக்கவும் வேண்டும். இவ்வளவும் செய்து முதல் நாள் கிடைத்த கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தன. பிள்ளைகள் சொல்லை முழுதாகக் கேட்டு, தீர்மானித்து, அப்புறம்தான் கையை அசைத்திருக்கிறார்கள். பாயின்டர் மேலே நகரத் தொடங்கினால்தான் ஒலி வரும் என்று மாற்றி அமைத்தேன். கோடுகள் வளைந்தன.

கானாடுகாத்தானில் ஆச்சிமார்களிடம் மவுஸ் எடுபடவில்லை. அதைப் பிடிப்பதிலேயே கவனம் போய்விட்டது. அதனால் விளையாட்டுச் செப்புச் சாமான்களையும் பொம்மைகளையும் வாங்கி, வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் இரண்டிரண்டாக வைத்து, விரலால் தொடச் சொன்னேன். மேலே ஸ்டாண்டில் போன் கேமரா. கை மட்டும்தான் படத்தில், முகம் இல்லை. தரையில் பூப்போட்ட கல், கண் அங்கே ஓடியது. வெள்ளை வேட்டி விரித்து மறைத்தேன். போன் விநாடிக்கு 30 படம் எடுக்கும், அதாவது 33 மில்லி விநாடிக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் விரல் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். பல இரவுகள் அதிலேயே போயின.

பிறகு ஒரு தவறு செய்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. சில கோடுகள் ஒரு பக்கம் பாதி தூரம் போய், வெடுக்கென்று திரும்பியிருந்தன. 'கெட்ட கோடுகள்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அவற்றை ஒதுக்கினேன். மிச்சக் கோடுகள் ஒவ்வொன்றையும் ஒரே எண்ணிக்கையில், 101 புள்ளிகளாக ஆக்கி, சராசரி எடுத்தேன். அழகான மெல்லிய வளைவு வந்தது. வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, "இந்தச் சராசரி மாதிரி ஒரு கையாவது உண்மையில போச்சா? தனித்தனியா காட்டு" என்றார். காட்டியபோது பெரும்பாலானவை கிட்டத்தட்ட நேர்கோடு, சில மட்டும் நன்றாக வளைந்தவை. இரண்டையும் கலந்ததில் வந்ததுதான் என் மெல்லிய வளைவு. ஒதுக்கியவற்றையும் திரும்பச் சேர்த்தேன். நான் தேடியதே அவைதான், பாதி வழியில் மனம் மாறிய கைகள். 2009-ல் நரம்பியல் ஆய்வாளர்கள் வோல்பர்ட்டும் ஷாட்லனும் சகாக்களும் இப்படி நடுவழியில் மாறும் கையைத்தான் ஆராய்ந்தார்கள். கை கிளம்பிய பிறகும் மூளை உள்ளே வந்த தகவலை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறது என்று காட்டினார்கள்.

கோடு வளைந்தாலே அது நினைவுக்கு எட்டாத எண்ணம் என்று நான் எழுதவில்லை. இரண்டு பொருள் கவனத்துக்குப் போட்டியிட்டன என்பதுதான் வளைவு காட்டுவது. ஆளுக்குத் தெரிந்ததா என்று ஆளைத்தான் கேட்க வேண்டும். 1986-ல் குடேல், பெலிசோன், பிராப்லாங்க் என்ற ஆய்வாளர்கள் அப்படிக் கேட்டார்கள். ஒரு சிறு விளக்கைக் கையால் சுட்டச் சொல்லி, கண் அதை நோக்கித் தாவும் அந்த நொடியில் விளக்கை நகர்த்தினார்கள். கை சரியாக மாறிய இடத்துக்கே போனது, விளக்கு நகர்ந்ததை ஆட்கள் உணரவே இல்லை. நானும் ஒவ்வொரு முறை தொட்டதும் "வேற பக்கம் போனீங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். கேட்கத் தொடங்கியதும் ஆச்சிமார்கள் உஷாராகி, கையை நிறுத்தி நிறுத்தி வைத்தார்கள். அந்த நாள் பதிவு முழுதும் வீண். அதன்பின் கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் கேட்டேன். பெரும்பாலோர் "நேராத்தான் போனேன்" என்றார்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு, பனையோலைக் கூடையான கொட்டான் முடையும் ஓர் ஆச்சியிடம் அவர் கையின் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். குடத்துக்குப் போன விரல் குடைப் பக்கம் சாய்ந்து திரும்புவதை மூன்று முறை பார்த்தார். "தொடப் போகலியே ஆத்தா, எட்டிப் பாத்துட்டு வந்திருக்கு" என்றார். எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சரியான வர்ணனையை நான் படித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஓலையப் புடிக்கிறது இந்தக் கை, இழுக்கிறது அந்தக் கை. எடது கையையும் எடுத்துப் பாரு" என்றார்.

எடுத்திருக்கிறேன். இப்போது அந்தப் படங்களில்தான் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன்.