மாநில உரிமை கேட்ட கவர்னர்

"தம்பி, இவர் நல்லவர்தானே?"

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற அண்ணன், ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார். அறுபதைத் தாண்டியவர். வில்லன் குரலுக்கும் மந்திரி குரலுக்கும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர் பேசிக்கொண்டிருந்தது அமெரிக்காவின் அலபாமா மாநில கவர்னர் ஜார்ஜ் வாலஸுக்கு. 1963 ஜூன் 11 அன்று பல்கலைக்கழக வாசலை மறித்து நின்று வாலஸ் ஓர் அறிக்கையை வாசிக்கிறார். மத்திய அரசு அத்துமீறி நுழைகிறது, இந்த மாநிலத்தின் உரிமைகள் நசுக்கப்படுகின்றன என்பதுதான் அதன் சாரம்.

அண்ணன் பேசிய விதத்தில் எனக்கே புல்லரித்தது. மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்த குரல். 'மத்திய அரசு' வரும் இடத்தில் ஓர் ஏளனம், 'மாநில உரிமை' வரும் இடத்தில் ஒரு நிமிர்வு. சவுண்ட் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். டேக் ஓகே.

விஷயம் என்னவென்றால், வாலஸ் வாசலை மறித்ததே விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கருப்பின மாணவர்கள் உள்ளே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அண்ணன் கைக்குப் போனது அவர் பேச வேண்டிய பக்கம் மட்டும். அதில் மாணவர்கள் இல்லை. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "அடப்பாவி, நான் அண்ணா மாதிரில்ல பேசிட்டேன்!" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. வசனம் எழுதியது நான்.

சில வருடங்களாக அமெரிக்க வரலாற்று ஆவணப்படங்களுக்குத் தமிழ் வசனமும் சப்டைட்டிலும் எழுதி வருகிறேன். எந்தப் படம் என்று வெளியே சொல்லக் கூடாது என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதனால் வீட்டுப்பாடமாக நானே தேடிப் பார்த்த படங்களின் பெயரைத்தான் இங்கே சொல்ல முடியும்.

'ஸ்டேட்ஸ் ரைட்ஸ்' என்று காதில் விழுந்தால் கை தானாக 'மாநில உரிமை' என்று தட்டிவிடும். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் மத்திய-மாநில உறவை ஆராய 1969-இல் அமைத்த ராஜமன்னார் குழு இருக்கிறது, 1974-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானம் இருக்கிறது, இந்தி எதிர்ப்பு இருக்கிறது. அங்கே அதன் பின்னால் இருப்பது வேறு கூட்டம். 1948-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற அரசியல்வாதி அதே பெயரில் ஒரு கட்சியாகவே நின்று, கருப்பர்களை ஒதுக்கி வைக்கும் சட்டங்களைக் காப்பாற்றுவோம் என்று வாக்குக் கேட்டு, ஜனாதிபதித் தேர்தலில் நான்கு மாநிலங்களில் ஜெயித்தார்.

போதாக்குறைக்கு, மாநில உரிமை கேட்கிறவர் கவர்னர். அங்கே அவர் மக்கள் வாக்கில் வருகிற, நம் முதல்வர் மாதிரி ஆள். ஆட்டுத்தாடியோடு சேர்த்தே கவர்னரைக் கேள்விப்பட்டு வளர்ந்த ஊரில் இதை எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் பற்றிய படம் வந்தபோது சிக்கல் இன்னும் பெரிதானது. 'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று கேட்ட காதுகள் நம்முடையவை. வசனத்தில் முப்பது தடவை 'தெற்கு' என்று எழுதினால், பார்க்கிறவர் மனது தானாகத் தெற்கின் பக்கம் சாய்ந்துவிடும். லிங்கனின் தரப்புக்குப் பெயர் 'யூனியன்'. அதை 'ஒன்றியம்' என்று எழுதலாமென்றால், 2021-க்குப் பிறகு அந்தச் சொல்லும் இங்கே சூடாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கென் பர்ன்ஸின் 'தி சிவில் வார்' தொடரை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். 1990-இல் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பான ஒன்பது பகுதிகள். போர் நடந்த 1860-களின் கேமராவால் ஓடுகிற படையைப் படம் பிடிக்க முடியாது, அசைந்தால் கலங்கிவிடும். அதனால் கையில் இருப்பது அசையாத புகைப்படங்கள்தான். அவற்றின் மேல் கேமராவை மெல்ல நகர்த்தியே போரைக் காட்டிவிடுகிறார். தொழிலாக அது அற்புதம். ஆனால் அதில் அதிக நேரம் பேசுவது ஷெல்பி ஃபுட் என்ற தென்பகுதி நாவலாசிரியர். அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதுதான் கோளாறு. போரின் நடுவில் இருந்தது அடிமைமுறை என்று அழுத்திச் சொல்லும் வரலாற்றாசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்த நேரம் அதைவிட மிகக் குறைவு. கதை சொல்லத் தெரிந்தவருக்கு மைக் போய்விடுகிறது, எங்கள் ஸ்டூடியோவைப் போலவே.

மூல ஆவணங்களைப் படித்தால் குழப்பமே இல்லை. 1861-இல் மிசிசிப்பி பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிவிப்பு, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. அதற்கு முந்தைய மாதம் தென் கரோலினா வைத்த குற்றச்சாட்டு, தப்பி வந்த அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லும் சட்டத்தை வட மாநிலங்கள் தத்தம் சட்டங்களால் முடக்குகின்றன என்பது. அதாவது அங்கே மாநில உரிமையைக் கையில் எடுத்தது வடக்கு, அதைக் குறை சொன்னது தெற்கு.

கடைசியில் 'மாகாணம்' என்று மாற்றினேன். 'டெக்சாஸ் மாகாணம்' என்று நம் நாளிதழ்களும் எழுதுகின்றனவே. 'மாகாண உரிமை' என்று யாரும் இங்கே கோஷம் போட்டதில்லை. 'மத்திய அரசு' வெறும் 'வாஷிங்டன்' ஆனது. இலங்கையில் பார்க்கிற தமிழருக்கு 'மாகாணம்' என்றால் மாகாண சபை நினைவுக்கு வருமே என்று ஒரு தோழி கேட்டார். வரும்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. வாலஸின் ஆட்களுக்கு அன்று நிஜமாகவே புல்லரித்திருக்கும். தமிழில் அந்த நெருப்பை நான் அணைத்துவிட்டால் அதுவும் பொய்தானே? அண்ணனிடம், சொற்களை மட்டும் மாற்றி, வேகத்தைக் குறைக்காமல் பேசச் சொன்னேன். பேசினார். இப்போது கேட்டால் பயமாக இருந்தது. அதுதான் சரி என்று பட்டது.

அதே சம்பவத்தை ராபர்ட் ட்ரூ 1963-லேயே 'க்ரைசிஸ்' என்ற படமாக எடுத்திருக்கிறார். 'ஃபாரஸ்ட் கம்ப்'பில் டாம் ஹாங்க்ஸ், விவியன் மலோன் தவறவிட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பாரே, அதே வாசல். ட்ரூவின் கேமரா கவர்னர் வீட்டுக்கும் போகிறது, அன்றைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி வீட்டுக்கும் போகிறது, அந்த இரண்டு மாணவர்களையும் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு, குரல் கொடுப்பவர் கையில் அவருடைய வசனத்தை மட்டும் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார் என்று மேலே நாலு வரி இருக்கும்.

யாரிடம் என்பது தமிழில் சாதாரணக் கேள்வியும் இல்லை. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ'. இங்கே ஒவ்வொரு வரியிலும் நீயா, நீங்களா என்று நான் முடிவெடுத்தாக வேண்டும். 1863-இல், அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்குப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் வெள்ளை மாளிகைக்குப் போய் லிங்கனைச் சந்தித்தார். லிங்கன் தன்னை மரியாதையோடு நடத்தியதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கே தயங்காமல் இரு பக்கமும் 'நீங்கள்'. ஆனால் நரைத்த தலையுள்ள கருப்பினப் பெரியவரை இளவட்டப் போலீஸ்காரன் 'பாய்' (boy) என்று கூப்பிடும் இடத்தில் 'பையா' என்று எழுதினால் கொஞ்சலாகிவிடுகிறது. 'டேய்' என்று எழுதினேன். மூலத்தில் வசவு இல்லையே என்று தரம் பார்க்கும் க்யூ.சி.யிலிருந்து திரும்பி வந்தது. தாத்தா வயதுக்காரரைப் பொடியன் 'டேய்' போட்டுக் கூப்பிடுவதை எங்கள் ஊர்த் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், இது அதுதான் என்று பதில் எழுதினேன். விட்டுவிட்டார்கள்.

அந்த 'பாய்' என்ற விளிக்குப் பதிலாக வந்த வரிதான் என்னை அதிகம் படுத்தியது. 1968 பிப்ரவரி, மெம்ஃபிஸ். மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அழுத்தும் எந்திரத்தில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் 'ஐ ஆம் எ மேன்' (I AM A MAN) என்று இருக்கும். 'ஆம்' (AM) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே அடிக்கோடு.

தமிழில் அந்தச் சொல்லே கிடையாது. 'நான் மனிதன்', அவ்வளவுதான். அடிக்கோட்டை எங்கே போடுவது? 'நானும் மனிதன்தான்' என்றால் கெஞ்சுவது போலிருக்கிறது. 'நான் ஒரு மனிதன்' பாடநூல் வாக்கியம். 'நான் ஆம்பளை' என்றால், பையன் இல்லை என்ற பொருள் வருகிறது, ஆனால் மீசை முறுக்குகிறது. வரிக்கு 42 எழுத்துக்குள் அடக்கு என்று எப்போதும் கழுத்தை நெரிக்கும் வேலையில், இடம் தாராளமாகக் கிடைத்தும் எழுத வராத வரி அது.

டப்பிங்கில் அட்டையில் இருப்பதையும் படித்தாக வேண்டும். அன்றைக்கும் அதே அண்ணன்தான். மேலே இருந்த நாலு வரியைப் படித்தார். நான் எதுவும் சொல்லவில்லை. "நான்" என்றார். நிறுத்தினார். இன்ஜினியர், தவறிவிட்டதோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், குரலை உயர்த்தாமல், "மனிதன்."

சப்டைட்டிலில் அந்த இடைவெளிக்கு எழுத்து இல்லை. வெறும் 'நான் மனிதன்' என்றே அனுப்பினேன்.