ரெண்டு பக்கமும் வந்துச்சா?

ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று சிசேரியன். கர்ப்பப்பையை எடுக்க வயிற்றைத் திறந்தால், சிறுநீர்ப்பை பழைய தழும்போடு ஒட்டிக்கிடந்தது. பிரிக்கும்போது கிழிந்துவிட்டது. பெங்களூரு ட்ராஃபிக்கில் சிறுநீர்ப் பாதை சர்ஜனான யூராலஜிஸ்ட் வந்துசேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை ஈரத்துணியை வைத்து அழுத்தியபடி நின்றேன். அவர் வந்து இரண்டு அடுக்காகத் தைத்தார். சிறுநீர் போக இரண்டு வாரம் டியூப். "எப்போ எடுப்பீங்க டாக்டரம்மா?" என்று அந்த அம்மா தினமும் கேட்பார். சிறுநீர்ப்பைக்குள் பார்க்க நானே கற்றே தீரவேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

எம்.எஸ். படித்த காலத்தில் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான சிஸ்டோஸ்கோப்பை நான் கையில் பிடித்ததே இல்லை. கர்ப்பப்பை வாய்க்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கர்ப்பப்பை ரத்தக்குழாய்க்கு அடியில் ஓடுகிறது யூரிட்டர்; சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் கொண்டுவரும் குழாய், பக்கத்துக்கு ஒன்று. அந்த இடத்தில்தான் நாங்கள் தினமும் ரத்தக்குழாயைப் பிடிக்கக் கிளாம்ப் போடுகிறோம். அதைப் பார்க்கக் கற்றுத்தராமல் அனுப்பியது பெரிய குறை.

சனிக்கிழமைகளில் அதே யூராலஜிஸ்டின் தியேட்டரில் போய் நின்றேன். முதல் நாள் திரையில் வெறும் சிவப்பு. "தண்ணி நிரம்பட்டும் மேடம். மேல காத்துக்குமிழி தெரியுதா? அங்கேருந்து தொடங்குங்க" என்றார். குமிழியைப் பிடித்தபின் திசை புரிந்தது. மெல்லப் பின்வாங்கினால் குறுக்கே ஒரு மேடு. அதன் ஓரத்துக்குப் போனால் சின்னக் கீறல் மாதிரி யூரிட்டரின் வாய். அங்கே காத்திருக்க வேண்டும். தண்ணீரில் சர்க்கரை கரையும்போது ஒரு நெளிவு தெரியுமே, அப்படித்தான் சிறுநீர் பீறிட்டு வரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

யூரிட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைப் போடக் கற்க மாதக்கணக்கில் ஆனது. அதற்கு வழிகாட்ட முதலில் விடும் கைடு வயர் தடுத்தால் அங்கேயே நிறுத்தவேண்டும், தள்ளவே கூடாது. போட்ட ஸ்டென்ட்டை எடுக்க மறந்தால் அதன் மேலேயே கல் படியும் என்பதால், எடுக்கவேண்டிய தேதிக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். யூரிட்டர் அறுபட்டால் இன்றும் யூராலஜிஸ்டைத்தான் கூப்பிடுவேன்.

சிறுநீர் வருவதைப் பார்த்துவிட்டாலும் முழு நிம்மதி கிடையாது. ஆபரேஷன் கருவியின் சூடுபட்ட காயம் சில நாள் கழித்துக்கூடக் கசியும். இடுப்புவலி, காய்ச்சல், தானாகச் சிறுநீர் ஒழுகுவது என்று எது வந்தாலும் உடனே வரச்சொல்லி அனுப்புகிறேன்.

கர்ப்பப்பை ஆபரேஷன் எதுவானாலும், இரண்டு யூரிட்டரிலிருந்தும் சிறுநீர் வருகிறதா என்று பார்க்க இப்போது பத்து நிமிடம் கூடுதலாகிறது. ஆரம்பத்தில் மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்ப்பார். இப்போதெல்லாம் மயக்கத்தைத் தெளிவிக்கும் முன் அவரே கேட்கிறார்: "ரெண்டு பக்கமும் வந்துச்சா?"